தடித்த எழுத்தைக் குறைத்த கதை: ஒரு காளான் கையேட்டைச் சீர்செய்த அனுபவம்

பக்கத்து ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குச் சிப்பிக்காளான் வளர்ப்புப் பயிற்சி கொடுக்கும் அக்கா ஒருவர், தானே தட்டச்சு செய்த 24 பக்கக் கையேட்டை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் குடு. எல்லா விஷயமும் இதுல இருக்கு. ஆனா எது முக்கியமோ அது யார் கண்ணுலயும் படமாட்டேங்குது" என்றார்.

வேர்ட் போன்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் திறந்து பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் தடித்த எழுத்து, அடிக்கோடு, சிவப்பு, மஞ்சள் பூச்சு, சாய்வெழுத்து. சில இடங்களில் ஐந்தும் ஒரே சொல்லின் மேல். 9-ஆம் பக்கத்தை மட்டும் பென்சிலோடு உட்கார்ந்து எண்ணினேன். ஏதோ ஒரு வகையில் அழுத்தம் கொடுத்திருந்த இடங்கள் 31. வைக்கோலை வெட்டுவது, ஊறவைப்பது, வேகவைப்பது, ஆறவைப்பது, வித்து (காளான் விதை) போடுவது என மொத்தச் செய்முறையும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தது.

ஏன் இப்படி என்று அக்காவிடம் கேட்டேன். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் யாராவது ஒருவருக்குக் காளான் படுக்கை (வைக்கோலும் வித்தும் நிரப்பிய பை) கெட்டுப்போகும். என்ன தவறு என்று விசாரித்து, கையேட்டில் அந்த வரியைத் தேடி அதைத் தடிப்பாக்கிவிடுவார். அடுத்த முறை இன்னொரு வரி. பழைய தடிப்பு பழகிப்போனதும் சிவப்பு வந்தது, பிறகு மஞ்சள். ஆக, அந்த 31 இடங்களில் பலவற்றுக்குப் பின்னால் உண்மையிலேயே கெட்டுப்போன ஒரு படுக்கை இருந்தது. அதனால் எதையும் மனம்போன போக்கில் அழித்துவிட முடியாது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கணினியில் கைவைக்கும் முன் அந்தக் கோப்பை அப்படியே அச்செடுத்துப் பார்த்தேன். அக்கா ஒரு பிரதியைக் கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டரில் எடுப்பார். ஜெராக்ஸ் கடையில் அதை முப்பது பிரதி போடுவார்கள். குழுவில் ஒருவர் தன் பிரதியைத் தங்கைக்காக மறுபடி ஜெராக்ஸ் எடுப்பார். நானும் அதே வழியில் போனேன்: அச்சு, அதன் ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது பாதி வேலை புரிந்துவிட்டது.

சிவப்பு எழுத்து அச்சில் சாம்பலாகிவிட்டது. சுற்றியிருந்த சாதாரண வரிகள் நல்ல கறுப்பாக நிற்க, "வைக்கோல் சூடாக இருக்கும்போது வித்து போடக் கூடாது" என்ற வரி மட்டும் வெளிறிப்போய்ப் பின்னால் நின்றது. சூட்டில் வித்து செத்துவிடும். கையேட்டிலேயே முக்கியமான வரி அதுதான். மஞ்சள் பூச்சு முதல் ஜெராக்ஸிலேயே பொடிப்பொடிப் புள்ளிகளாகி, மூன்றாவது பிரதியில் அழுக்குப் போல எழுத்தை மறைத்தது.

அடிக்கோட்டின் கதை இதைவிட மோசம். ஆங்கிலத்தில் ஒரு சில எழுத்துகளே கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. தமிழில் கு, கூ, து, ரு, ழ, ற, ஞ என்று கீழே இறங்கும் எழுத்துகள் வரிக்கு வரி வரும். "கூடாது" என்று எழுதி அடிக்கோடு போட்டால் முதல் எழுத்தின் வாலையும் கடைசி எழுத்தின் வாலையும் கோடு வெட்டிக்கொண்டு போகிறது. நான் எதிர்பார்க்காத ஒன்று ர என்ற எழுத்தில் நடந்தது. பல எழுத்துருக்களில் ர-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடே அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னக் கோடுதான். அடிக்கோடு அதை விழுங்கிவிட்டது. "ஈரம் 65 சதவீதம்" என்ற வரி மூன்றாவது பிரதியில் "ஈாம்" என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. வழக்கமாகப் படிப்பவர்கள் இடம்பார்த்துப் புரிந்துகொள்வார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அங்கே நின்றுவிடுவார். இந்தக் குழுவில் அப்படிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தடித்த எழுத்தும் தப்பவில்லை. கோப்பில் இருந்த எழுத்துரு லோஹித் தமிழ். அதில் ஒரே ஒரு கனம்தான் உண்டு. தடித்த வடிவம் தனியாக வரையப்படவில்லை. நாம் கண்ட்ரோல்+பி அழுத்தும்போது மென்பொருள் அந்த மெல்லிய எழுத்தையே எடுத்து ஓரங்களைப் பருமனாக்கித் தருகிறது. திரையில் குறை தெரியாது. ஜெராக்ஸில் சுழிகள் அடைபட்டுப்போகின்றன. ி-க்கும் ீ-க்கும் வேறுபாடு ஒரு சின்னச் சுழி; அது அடைபட்டால் "மீதி வைக்கோல்" "மிதி வைக்கோல்" ஆகிவிடும். ெ, ே இரண்டுக்கும் இதே கதி. ஒரு சொல் முக்கியம் என்று காட்டப்போய் அந்தச் சொல்லையே தவறாகப் படிக்கவைப்பது எனக்கு மிகவும் உறுத்தியது.

சாய்வெழுத்தும் இதே மாதிரி மென்பொருள் செய்யும் ஒப்பனைதான். நேராக நிற்கும் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. சாய்வெழுத்து பிறந்த இடம் வேறு. வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனுஷியஸ், இத்தாலியக் கையெழுத்தின் ஓட்டத்தைப் பின்பற்றி பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக்கொடுத்த அச்சைக் கொண்டு 1501-இல் முழுப் புத்தகமே அச்சிட்டார். அழுத்தத்துக்காக அல்ல, நூல் முழுவதும் அந்த எழுத்துதான். ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட அதைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னால் வந்தது. ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் அச்சிட்ட ஜெர்மானியர்களுக்குச் சாய்வெழுத்தே கிடையாது. சொல்லின் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அழுத்தம் காட்டினார்கள். அதையும் நான் முயன்று பார்த்தேன். தமிழில் கொம்பும் காலும் எந்த எழுத்தோடு சேரும் என்று கண் தடுமாறுகிறது. இரண்டு வரிகளோடு கைவிட்டேன்.

இவ்வளவும் பார்த்தபின் கையில் மிஞ்சியது தடித்த எழுத்து ஒன்றுதான். அதுவும் ஒழுங்காக வரையப்பட்ட தடித்த எழுத்தாக இருக்க வேண்டும்.

அந்த வாரம் குழுவின் கூட்டத்துக்குப் போனேன். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் கையேட்டைச் சத்தமாகப் படித்தார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குரலில் தடித்த எழுத்தும் இல்லை, சிவப்பும் இல்லை. எல்லா வரியும் ஒரே சீராக ஓடியது. "வைக்கோல் ஆறிய பிறகு வித்து போடவும்" என்ற வரியும் "பையின் அளவு 60-க்கு 30 செ.மீ." என்ற வரியும் காதில் ஒரே எடையோடு விழுந்தன.

நம் மொழியில் அழுத்தத்துக்கு ஏற்பாடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இலக்கணத்தில் தேற்ற ஏகாரம், பிரிநிலை ஏகாரம் என்று படித்தது வேறென்ன? "ஆறிய பிறகு வித்து போடவும்" என்பதை "ஆறிய பிறகே வித்து போட வேண்டும்" என்று மாற்றினால் போதும், எவர் படித்தாலும் குரல் அங்கே ஏறும். "தான்" இருக்கிறது, "மட்டும்" இருக்கிறது, "கூடவே கூடாது" இருக்கிறது. ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் சொற்களுக்கு நடுவே இடைவெளிகூட விடவில்லை. எந்தச் சொல்லில் அழுத்தம் என்பது வாசிப்பவருக்கு மொழியிலிருந்தே தெரிந்தது. ஆகவே முதல் வேலையாக அந்த 24 பக்கங்களையும் அக்காவோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். அவர் பயிற்சியில் பேசும்போது எங்கே குரலை உயர்த்துகிறாரோ அங்கே வாக்கியத்தைத் திருத்தினோம்.

"வைக்கோலைப் பிழிந்து பார்க்கவும், தண்ணீர் சொட்டக்கூடாது" என்று இருந்தது. அக்கா வாயால் சொன்னது இப்படி: "கைப்பிடி வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழியணும். கை ஈரமாகணும், ஆனா ஒரு சொட்டுகூட விழக்கூடாது." அதையே எழுத்துநடைக்கு மாற்றிப் போட்டோம். இந்த ஒரு வரியிலிருந்து தடிப்பு, அடிக்கோடு, சிவப்பு மூன்றையும் எடுத்தேன். எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. 31 இடங்களில் பதினேழு இப்படி வாக்கியத் திருத்தத்திலேயே தீர்ந்தன. இதற்கு இரண்டு மாலைப்பொழுது ஆனது. மொத்த வேலையில் எனக்கு நிறைவு தந்த பகுதி இதுதான்.

பிறகு கோப்பு. இங்கே நான் செய்த வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை மாறினால் வேலை இரட்டிக்கும்.

அக்கா தலைப்புகளையும் கையாலேயே தடிப்பாக்கிப் பெரிதாக்கியிருந்தார். அவற்றை முதலில் பிரித்தெடுக்கவில்லை என்றால், பின்னால் தடித்த எழுத்தைத் தேடும்போது தலைப்பும் சேர்ந்து வந்து நிற்கும். எனவே ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்து கண்ட்ரோல்+எம் அழுத்தி, கையால் போட்ட அலங்காரத்தைத் துடைத்துவிட்டு, 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற பாராகிராஃப் ஸ்டைல்களைக் கொடுத்தேன். ஸ்டைல் என்பது ஒரு பெயரில் சேமித்துவைத்த தோற்றம்; பாராகிராஃப் ஸ்டைல் முழுப் பத்திக்கும், கேரக்டர் ஸ்டைல் தேர்ந்த சொல்லுக்கு மட்டும் பொருந்தும். எஃப்11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் பக்கத்தில் திறக்கும்.

அடுத்து எனக்கென்று இரண்டு கேரக்டர் ஸ்டைல்கள் உருவாக்கினேன். ஸ்டைலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஒன்றின் பெயர் 'முக்கியம்', மற்றதன் பெயர் 'அறிவியல் பெயர்'. இரண்டாவது எதற்கு என்றால், சிப்பிக்காளானின் ப்ளூரோட்டஸ் என்ற லத்தீன் பெயரை அக்கா ஆங்கில எழுத்தில், சாய்வாக எழுதியிருந்தார். அது சரியான மரபு. உயிரினங்களின் அறிவியல் பெயரைச் சாய்வெழுத்தில்தான் அச்சிடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒழுங்காக வரைந்த சாய்வு வடிவமும் உண்டு. ஆனால் அந்தச் சாய்வு அழுத்தத்துக்காக வந்ததல்ல, அது ஒரு பெயர் என்ற அடையாளம். கண்ட்ரோல்+ஐ அழுத்தியே எல்லாவற்றையும் சாய்த்திருந்தால் எது அழுத்தம், எது பெயர் என்று கோப்புக்குத் தெரியாது. 'எல்லாச் சாய்வையும் நீக்கு' என்று ஒரே கட்டளை கொடுத்தால் பெயரும் நிமிர்ந்துவிடும். தோற்றத்துக்குப் பதில் காரணத்தைப் பெயராக வைத்துக் குறித்தால் இந்தக் குழப்பம் வராது. வேர்ட் போன்ற மென்பொருளில் ஸ்டைலுக்காக நேரம் செலவிடலாமா என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

'முக்கியம்' ஸ்டைலைத் தடிப்பாக அமைத்துவிட்டு ஒரு தமிழ்ச் சொல்லுக்குக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆங்கிலச் சொல்லில் போட்டால் தடித்தது. அரைமணி நேரம் புரியாமல் தவித்தபின் காரணம் தெரிந்தது. லிப்ரே ஆபிஸ் எழுத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: மேற்கத்திய எழுத்து, ஆசிய எழுத்து, சி.டி.எல். எனப்படும் சிக்கலான எழுத்து. ஆசிய எழுத்து என்று அது சொல்வது சீனம், ஜப்பானியம், கொரியம். தமிழ் மூன்றாவது வகையில் வருகிறது. ஒரு ஸ்டைலின் எழுத்துரு பக்கத்தில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனிக் கனம், தனித்தனி அளவு உண்டு. நான் மேற்கத்திய பகுதியை மட்டும் மாற்றியிருந்தேன். கண்ட்ரோல்+பி அழுத்தும்போது அது சொல்லைப் பார்த்துச் சரியான வகையில் மாற்றிவிடும். ஸ்டைலைத் திருத்தும்போது நாம்தான் சி.டி.எல். பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும். அந்தப் பகுதியே கண்ணில் படவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குள் போய்ச் சி.டி.எல்.-ஐ இயக்க வேண்டும். தமிழில் ஸ்டைல் வேலைசெய்யவில்லை என்று விட்டுவிடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன். அதில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது கனங்கள் தனித்தனியாக வரையப்பட்டிருக்கின்றன. முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை போன்றவற்றிலும் பல கனங்கள் உண்டு. கட்டணம் இல்லாமல் கிடைக்கின்றன. ஒரே குடும்பத்து எழுத்துருவுக்குள் கனத்தை மாற்றுவது நல்லது. சாதாரண எழுத்துக்கு ஒரு குடும்பம், தடிப்புக்கு வேறு குடும்பம் என்று கலந்தால் உயரம் ஒத்துப்போகாமல், தடித்த சொல் வந்த வரி மட்டும் கீழே தள்ளிப்போய் நிற்கும்.

எந்தக் கனம் என்பதை ஜெராக்ஸிடமே விட்டேன். ஒரே வரியை மீடியம், செமிபோல்டு, போல்டு மூன்றிலும் 12 புள்ளி அளவில் அடித்து, முன்பு போல மூன்று தலைமுறைப் பிரதி எடுத்தேன். மீடியம் சாதாரண எழுத்திலிருந்து பிரிந்து தெரியவில்லை. போல்டு முதல் அச்சில் அழகாக இருந்தது; பிரதி எடுக்க எடுக்க மை பரவி, மூன்றாவதில் ணை, ஞ, ழூ எல்லாம் கட்டியாகிவிட்டன. செமிபோல்டு மூன்றாவது பிரதியிலும் சுழி திறந்து நின்றது. அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு சின்ன விஷயம்: செமிபோல்டு பட்டியலில் தனி எழுத்துருப் பெயராக வரும். அதைத் தேர்ந்துவிட்டுக் கனத்தை 'ரெகுலர்' என்றே விட வேண்டும். மேலே இன்னொரு போல்டு போட்டால் மென்பொருள் மறுபடி ஓரத்தைப் பருமனாக்கத் தொடங்கிவிடும்.

மிச்சமிருந்த பழைய தடிப்புகளை மாற்ற கண்ட்ரோல்+எச் அழுத்தித் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, 'அதர் ஆப்ஷன்ஸ்' விரித்து, 'ஃபார்மேட்' பொத்தானில் சி.டி.எல். எழுத்து போல்டு என்று கொடுத்து, தேடும் பெட்டியைக் காலியாக விட்டு 'ஃபைண்ட் ஆல்' அழுத்தினேன். கோப்பில் இருந்த தடித்த துண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தேர்வாகி நின்றன. உடனே ஸ்டைல் கொடுத்துவிடக் கூடாது. முதலில் கண்ட்ரோல்+எம் அழுத்திப் பழைய அலங்காரத்தைத் துடைத்து, தேர்வு கலையாமல் இருக்கும்போதே 'முக்கியம்' ஸ்டைலை இருமுறை சொடுக்கினேன். துடைக்காமல் கொடுத்தால் கையால் போட்ட தடிப்பு மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நாளைக்கு ஸ்டைலை மாற்றினாலும் அந்தச் சொற்கள் அசையாது. சிவப்புக்கும் அடிக்கோட்டுக்கும் இதே தேடல், ஆனால் துடைப்போடு நிறுத்திக்கொண்டேன். எங்காவது ஒரு சொல் முரண்டுபிடித்தால் ஸ்டைல்ஸ் இன்ஸ்பெக்டரைத் திறந்தால் போதும். அந்தத் தடிப்பு ஸ்டைலிலிருந்து வருகிறதா, கையால் போட்டதா என்று தனித்தனியே காட்டிவிடும்.

அதன்பின் அக்காவும் நானும் மறுபடி உட்கார்ந்து 'முக்கியம்' பெற்ற சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான் வைத்த அளவுகோல் ஒன்று: கையேட்டைக் கொட்டகையில் ஆணியில் மாட்டிவைத்து, வேலைக்கு நடுவே ஓடிவந்து பார்ப்பவர் எதைத் தேடுவார்? மணிக்கணக்கு, நாள்கணக்கு, அளவு. 4 மணி நேரம் ஊறல், 45 நிமிடம் வேகல், 15 முதல் 20 நாள் காளான் பூசணம் பரவல். இவற்றுக்கு மட்டும் தடிப்பு. அறிவுரை வாக்கியங்களுக்குத் தடிப்பு வேண்டாம், அவற்றை மொழியே தாங்கும். முழு வாக்கியத்தைத் தடிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை; கண் எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல் மொத்தத்தையும் தாண்டிப்போய்விடுகிறது.

மீறினால் உடம்புக்கோ மொத்தப் படுக்கைக்கோ ஆபத்து என்ற நான்கு இடங்கள் மட்டும் மிஞ்சின. சூடான வைக்கோலில் வித்து. பச்சைப் பூசணம் கண்ட பையை உடனே கொட்டகையை விட்டு அகற்றுவது. முற்றிய காளான் தூவும் வித்துத்தூள் மூச்சில் போகாமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பறிப்பது. வயல்வெளியில் தானாக முளைத்த காளானைத் தின்னாமல் இருப்பது. இந்த நான்குக்கும் 'கவனம்' என்று ஒரு பாராகிராஃப் ஸ்டைல் செய்தேன். இடப்பக்கம் 2.25 புள்ளி கனத்தில் ஒரு செங்குத்துக் கோடு, மேலும் கீழும் கொஞ்சம் வெற்றிடம், பத்தி இரண்டு பக்கங்களில் உடையாதபடி ஒரு அமைப்பு. ஒவ்வொன்றும் "கவனம்:" என்ற சொல்லோடு தொடங்கும். கோடு கண்ணுக்கு, சத்தமாகப் படிக்கும்போது கேட்பவருக்குச் சேருவது அந்தச் சொல்தான்.

9-ஆம் பக்கத்தில் இப்போது தடிப்பு ஆறு இடங்களில், கோடு போட்ட பத்தி ஒன்று.

புதுப் பிரதியோடு கூட்டத்துக்குப் போனபோது, அதே பெண்தான் படித்தார். "கவனம்" என்று வந்ததும் அவர் தானாகவே ஒரு நொடி நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாகப் படித்தார். பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், "அதை இன்னொருவாட்டி படி தாயி" என்றார். பூசணப் பையைப் பற்றிய பத்தி அது.

அடுத்த வாரமே அக்கா போன் செய்தார். "தம்பி, அந்தக் கோடு போட்ட நாலு இடத்துல மட்டும் எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வேணும்பா, பெரியவங்க கேக்குறாங்க." 'கவனம்' ஸ்டைலைத் திறந்து, சி.டி.எல். அளவை 12-லிருந்து 14 ஆக்கினேன். நான்கு பத்திகளும் ஒருசேர மாறின. ஒரு பத்தி அடுத்த பக்கத்துக்கு நகர்ந்ததால் 14-ஆம் பக்கத்தின் அடியில் ஐந்து வரி இடம் காலியாகியிருக்கிறது. அங்கே வித்துப் பையின் தேதியை எங்கே பார்ப்பது என்று ஒரு சின்னப் படம் போடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார், படத்துக்காகக் காத்திருக்கிறேன்.